கந்தோரில் வல்லாரைக் கஞ்சி

பாணுக்கும் சீனிக்கும் சனம் வரிசையில் நின்ற எழுபதுகளில், குறிகட்டுவான் துறைக்கு அப்பால் ஒரு சின்னத் தீவில் இறங்குதுறை உடைந்து கிடந்தது. தீவின் பெயரைச் சொன்னால் இந்தக் கதைக்கு எதிராகவும் நம்மவர்கள் பெட்டிசம் எழுதுவார்கள், ஆகவே வேண்டாம். வள்ளம் ஏறுவதற்கு இடுப்பளவு தண்ணீரில் நடக்க வேண்டும். ஆழ்வாப்பிள்ளையின் மகள் மனோகரிக்கோ எட்டு மாதம். பிள்ளைப்பேற்றுக்கு முன் துறையைத் திருத்திவிட வேண்டுமென்று மனுசன் நித்திரையில்லாமல் தவித்தார்.

ஆகவே கிழமைக்கொரு தடவை கடல் கடந்து காரியாதிகாரி கந்தோருக்குப் போய்க் கத்தினார். மேசையில் குத்தினார். கத்தி முடியக் கடைசி வள்ளத்துக்கு நேரமாகிவிடும். வந்த விஷயத்தைச் சொல்லாமலே ஓடிவிடுவார். கத்தியதில் அவ்வளவு திருப்தி! மற்றச் சனமும் அப்படித்தான். நிர்வாகம் செவ்வனே நடந்தது.

காரியாதிகாரி சிவபாதத்துக்கு மட்டும் காது வலித்தது. தன்னுடைய பிறஷருக்கு மருந்து தரும் பரியாரியாரிடம் வழி கேட்டார்.

"வல்லாரை குடுத்துப் பாருங்கோ. ஆத்திரம் அடங்கும், நல்ல நித்திரை வரும். அதோட மூளைக்கும்..."

சிவபாதம் அதற்குள் எழும்பிவிட்டார். எதையும் முதற் பந்தியோடு நிறுத்துவது கந்தோர் வழக்கம். அடுத்த நாளே சுவரில் அறிவித்தல் ஏறியது: 'பொதுமக்களின் சித்தசாந்தியை முன்னிட்டு, முறையிட வருவோர் யாவரும் ஒரு கோப்பை வல்லாரைக் கஞ்சி அருந்திய பின்னரே முறையிட அனுமதிக்கப்படுவர்.'

ஆழ்வாப்பிள்ளை சுவரோர நீள வாங்கில் இருந்து குடித்தார். அதே வாங்கின் மறுகோடியில் அதே தீவு மீன்பிடிகாரர் பத்திநாதரும் குடித்தார். இருவரும் மூன்று வருடமாக முகம் பார்த்துப் பேசாதவர்கள். ஏனென்பது இருவருக்கும் மறந்துபோயிற்று; கோபம் மட்டும் பத்திரமாக இருந்தது.

சில கிழமைகளில் கந்தோர் அடங்கிவிட்டது. சிவபாதமும் தினம் ஒரு கோப்பை குடித்துவிட்டு நிம்மதியாக இருந்தார். அப்போதுதான் ஆழ்வாப்பிள்ளை வந்து கதிரையில் சாந்தமாக அமர்ந்தார்.

"ஐயா, இறங்குதுறை திருத்த வேணும்."

"நல்லது. மனுவைத் தாரும், மேலிடத்துக்கு அனுப்புவம்."

"கத்தத் துவங்க முதலே தந்தனான். சிவராத்திரிக்கு அடுத்த நாள். நீங்கள் நீலக்கோடு போட்ட சேட்டோட நிண்டனீங்கள். வாங்கி, அந்த யன்னலடியில வைச்சனீங்கள்."

சிவபாதத்துக்கு வேர்த்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு வல்லாரைச் சம்பல் கொடுப்பது ஞாபகசக்திக்கு என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. ஆனால் அவரும் அதே கஞ்சி குடித்தவர்தானே!

"எனக்கும் ஒண்டு ஞாபகம் வருது. மூண்டு வருசத்துக்கு முதல் உங்களுக்குப் புதுத்துறையே கட்டித்தர ஓடர் வந்தது. மாதா கோயிலடியில கட்டக்கூடாதெண்டு பெட்டிசம் போட்டது ஆர்?"

ஆழ்வாப்பிள்ளைக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. "நான்தான்," என்றார் மெல்ல.

"அம்மன் கோயிலடியில கூடாதெண்டு?"

"நான்தான்," என்றார் வாங்கில் இருந்த பத்திநாதர்.

மகள் இறங்கப்போகும் தண்ணீரை நினைத்த ஆழ்வாப்பிள்ளையை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"பரவாயில்லை," என்றார் சிவபாதம். "ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு மனு எழுதுங்கோ. எங்க கட்டுறது?"

"அம்மன் கோயிலடியில."

"மாதா கோயிலடியில."

யாரும் கத்தவில்லை. வல்லாரையின் புண்ணியத்தில் மிகவும் அமைதியாகச் சொன்னார்கள்.

கந்தோர்க் கஞ்சி அந்தக் கிழமையே நின்றது. அதை நிறுத்தச் சொல்லித் தீவிலிருந்து பெட்டிசம் போயிருந்தது. இரு பகுதியாரும் ஒன்றாகக் கையெழுத்து வைத்த முதல் பெட்டிசம் அதுதான்.

சில நாளில் மனோகரிக்கு வயிற்றுக்குத்து எடுத்தது. தீவில் ஓடுகிற நிலையில் இருந்தது பத்திநாதரின் வள்ளம் ஒன்றுதான். கேட்ட உடனே மனுசன் ஓடிவந்தார். அவளைக் கதிரையில் இருத்தி, ஒரு பக்கம் தகப்பனும் மறுபக்கம் பத்திநாதரும் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள்.

"அண்ணை, மாதா கோயிலடியெண்டால் இவ்வளவு தூரம் தூக்கத் தேவையில்லை," என்றார் பத்திநாதர்.

"அம்மன் கோயிலடியில அலை குறைவு, தம்பி."

மனோகரி பல்லைக் கடித்துக்கொண்டு கதிரைக் கையை இறுகப் பிடித்தாள்.

"அப்பு, என்ரை பிள்ளைக்கு ஒருநாளும் வல்லாரை தீத்தமாட்டன்."

"ஏன் பிள்ளை? ஞாபகத்துக்கு நல்லதெல்லே?"

"அதுதான் அப்பு."