கோல் விழ விழ வாசித்த பாட்டு

"என் டிரம்பெட் பையனைக் கொண்டுபோய் கோல்ல நிறுத்திட்டீங்களே, நியாயமா சார்?" என்று கேட்டாள் இசை ஆசிரியை.

"கோல்கீப்பருக்குக் கால் சுளுக்கிடுச்சு. உங்க பையனுக்குக் கை நீளம். நான் என்ன பண்ண?" என்றார் பி.டி. மாஸ்டர்.

அவள் வேலையில் சேர்ந்து ஒரு வாரம்தான், இன்னும் நிரந்தரமாகவில்லை. இறுதி ஆட்டத்துக்கு முன் பேண்டு பள்ளிப் பாட்டை வாசித்தாக வேண்டும். மெட்டு சரியாகத் தெரிந்தவன் அந்தப் பையன் ஒருவன்தான். அவனோ ஏற்கெனவே அணியோடு மைதானத்தில் இறங்கிவிட்டான்.

மற்ற பிள்ளைகளைப் பாடச் சொன்னாள். ஆளுக்கொரு மெட்டில் பாடினார்கள். எது சரி என்று அடிதடியே வந்துவிட்டது. பி.டி. மாஸ்டரோ, "எனக்குத் தெரிஞ்ச சங்கீதம் விசில் மட்டும்தான்" என்று நழுவினார்.

வேறு வழியில்லாமல் தலைமையாசிரியர் அறைக்குப் போனாள்.

"இதுக்கா இவ்வளவு பதட்டம்? உட்காருங்க." அவர் கண்ணை மூடி, மேசையில் தாளம் போட்டு, பிசிறில்லாமல் மெட்டை முனகிக் காட்டினார். "வரிதான் மறந்துபோச்சு. மெட்டு ரத்தத்துல ஊறினதும்மா!"

"டீச்சர், இது நம்ம பாட்டு மாதிரியே இல்லையே..." என்று இழுத்தாள் டிரம் அடிக்கும் பெண்.

"ஹெட்மாஸ்டரைவிட உனக்கு நல்லாத் தெரியுமோ? அடி!"

மைதானத்தில் பேண்டு முழங்கியது. சொந்தப் பள்ளிக் கூட்டம் வாயையே திறக்கவில்லை. எதிரணிப் பிள்ளைகளோ விறைப்பாக நின்று கண் கலங்கினார்கள். என்ன பண்பு என்று இவள் நெகிழ்ந்துபோனாள்.

ஆட்டம் தொடங்கிய சூட்டிலேயே எதிரணி ஒரு கோல் போட்டது.

பி.டி. மாஸ்டர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "நம்ம பசங்க சோர்ந்துட்டாங்க டீச்சர். பாட்டை இன்னொரு தடவை எடுத்து விடுங்க!"

வாசித்தார்கள். எதிரணி பேய் பிடித்ததுபோல் ஓடியது. இன்னொரு கோல்.

"சத்தம் பத்தல டீச்சர்!"

சத்தத்தைக் கூட்டினாள். கோலில் நின்ற டிரம்பெட் பையன் அவளைப் பார்த்து இரண்டு கைகளையும் வெறிகொண்டு ஆட்டினான். பாராட்டுகிறான் என்று நினைத்து அவளும் கையசைத்தாள். பந்து அவனைத் தாண்டி வலைக்குள் போயிற்று. அதற்கும் பாட்டு. அதற்கும் கோல்.

ஆட்டம் முடிந்தது. முதல் வேலையே கடைசி வேலையாகிவிடுமோ என்ற கவலையோடு அவள் பையனுக்குப் பதிலாகத் தான் ஊதிய டிரம்பெட்டை உறைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். எதிரணித் தலைவன் கோப்பையோடு நேராக அவளிடம் வந்தான்.

"ரொம்ப நன்றி டீச்சர். எங்க ஸ்கூல் பாட்டை எங்க கிரவுண்டுலகூட யாரும் இவ்வளவு அழகா வாசிச்சதில்ல. போன வருஷம்வரைக்கும் எங்களுக்கு ஹெட்மாஸ்டரா இருந்தவர் இப்ப இங்கதான் இருக்காராமே, அவரா சொல்லிக் கொடுத்தார்?"