விரல் பார்த்து முழங்கிய கெட்டிமேளம்

மாப்பிள்ளையின் அப்பா முத்துராமன் கேட்டது ஒரே ஒரு காபி. மணமேடை ஓரத்தில் நின்று, சமையல்கட்டுப் பக்கம் ஆட்காட்டி விரலைத் தூக்கி, "இங்கிட்டு ஒண்ணு!" என்றார். அவ்வளவுதான், மண்டபத்து ஸ்பீக்கர் அத்தனையிலும் கெட்டிமேளம் இடியாக இறங்கியது.

தாலி இன்னும் தாம்பாளத்தில்தான் இருந்தது. ஆனால் கெட்டிமேளம் காதில் விழுந்த பிறகு நம் ஜனங்களுக்குக் கை சும்மா இருக்குமா? முன்வரிசை மொத்தமும் அட்சதையை அள்ளி வீசிவிட்டது. மாப்பிள்ளை சந்தோஷ்குமார் கண்ணில் விழுந்த அரிசியைத் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சிருச்சுங்களா?" என்று ஐயரைக் கேட்டான்.

மேடைக்கு எதிரே லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த சிவபிரகாஷ் பதறிப்போய்த் திரையைப் பார்த்தான். மனுஷர்களின் கை அசைவையும் உடம்பு அசைவையும் கம்ப்யூட்டருக்குப் பழக்கிக் கொடுப்பதுதான் அவனுக்கு வேலை. கோயம்புத்தூர் கம்பெனி, ஆலங்குடியில் வீட்டிலிருந்தே சம்பளம். முந்திரி வியாபாரியான அவனுடைய தாய்மாமன் அழகுமலைக்கு இது ஒரு வேலையாகவே படவில்லை. இரண்டாவது மகள் இலக்கியாவைப் பெண் கேட்டு வந்தவனிடம் மனுஷன் பட்டென்று சொல்லிவிட்டார்.

"கையாட்டுறதைப் பாத்துப் புரிஞ்சுக்குமா ஒன் மெஷினு? அப்ப மூத்தவ வனிதா கல்யாணத்துல கெட்டிமேளம் அது பொறுப்பு. ஒழுங்கா அடிச்சா இலக்கியா ஒனக்கு. சொதப்புச்சுன்னு வையி, என் வீட்டுப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது."

பாவம், பையன் மாசக்கணக்கில் மாடாய் உழைத்தான். கல்யாண வீடியோக்களாகத் தேடிப் பிடித்து, மேளக்காரரைப் பார்த்து விரலை ஆட்டுவது எது, வேறு காரியத்துக்கு ஆட்டுவது எது என்று கம்ப்யூட்டருக்குப் பாடம் எடுத்தான். கேமரா பார்க்கும், லேப்டாப் புரிந்துகொள்ளும், மாடியிலிருக்கும் மைக் செட்டுக்கு வயர் வழியாக மேளச் சத்தம் போகும். வீட்டில் ஒரு தடவைகூடத் தப்பு வரவில்லை. இங்கே என்ன கேடு வந்தது?

அழகுமலை வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "என்னடா மாப்ள, சம்பந்தி காபி கேட்டா ஒன் மெஷினு தாலி கட்டச் சொல்லுது?"

"ஒரு நிமிஷம் மாமா, சரி பண்ணிடுறேன்."

லேப்டாப் திரையில் 'சைகை இல்லை' என்றுதான் இருந்தது. திரை ஒன்று சொல்ல, ஸ்பீக்கர் ஒன்று செய்தால் அவன் எதை நம்புவான்? புரோகிராம் எங்கோ திக்கித் திணறுகிறது என்று நினைத்து, விரல் தலைக்கு மேலே போனால் மட்டும் மேளம் என்று மாற்றினான்.

மாற்றி முடிக்கவில்லை, போட்டோகிராபர் நாற்காலி மேல் ஏறிக் கையை உச்சிக்குத் தூக்கினார். "குடும்பத்துக்காரங்க எல்லாரும் என் விரலைப் பாருங்க!"

டமடமவென்று மேளம். மறுபடியும் அட்சதை மழை. வனிதாவின் வாயிலேயே நாலு அரிசி போய்விட்டது.

"டேய்!" என்றார் மாமா.

"இனிமே யார் விரலும் செல்லாது மாமா. ஐயர் விரலுக்கு மட்டும்தான்."

மேடை ஏறி ஐயரிடம் குனிந்தான். "சாமி, ஒரே ஒரு தடவை விரலைக் காட்டுங்க. மெஷின் ஒங்களை அடையாளம் பாத்துக்கட்டும்."

"இப்படியா தம்பி?" என்று அவர் அப்பாவியாக விரலை நீட்டினார்.

மேளம் மண்டபத்தைத் தூக்கியது. கிண்ணத்தில் மிச்சமிருந்த அட்சதையும் காலி. மஞ்சளும் அரிசியும் கேட்டு சமையல்கட்டுக்கு ஆள் ஓடியது. முத்துராமனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏங்க, எங்க பையனுக்கு இதோட மூணு கல்யாணம் ஆச்சு. தாலிதான் இன்னும் கட்டல. விராலிமலையிலருந்து பஸ் வச்சு வந்த சனம் கைகொட்டிச் சிரிக்குதுங்க!"

அழகுமலை பல்லைக் கடித்தார். "கெட்டிமேளமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். மூடித் தொலைடா அதை!"

சிவபிரகாஷ் லேப்டாப்பை அணைத்து, மடக்கி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். தூணோரம் நின்ற இலக்கியாவை நிமிர்ந்து பார்க்க அவனுக்குத் தைரியமில்லை.

முகூர்த்தம் முடியப் போகிறது. பட்ட அனுபவத்தில் ஐயர் இரண்டு கையையும் மேல்துண்டுக்குள் ஒளித்துக்கொண்டார். பழக்கதோஷம், வாய் மட்டும், "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று கூவியது.

மேளம் வரவில்லை. ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. சந்தோஷ்குமார் முதல் முடிச்சுப் போட்டான். ஓமப் புகையில் அதுவரை மூக்கைப் பொத்திக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அத்தை பிரகதீஸ்வரிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அந்த அமைதியில் மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, "ஹச்!" என்று ஒரு தும்மல்.

தாலி கட்டும்போது தும்மல் காதில் விழக் கூடாது என்றுதானே கெட்டிமேளமே! பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். முத்துராமன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மீதி முடிச்சு விழுந்ததும் அழகுமலை, "வாடா இங்கிட்டு!" என்று சிவபிரகாஷை மேடைக்குக் கூப்பிட்டார். அவன் போய் நின்றான். விபரீதம் புரிந்து இலக்கியாவும் ஓடி வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, மெஷினை மூடுங்கன்னு நீங்கதானப்பா சொன்னீங்க?"

"நீ பேசாத ஆத்தா. வேணாங்கிறப்ப மூணு தடவை அடிச்சது, வேணுங்கிறப்ப ஊமையாப் போச்சு. இந்த மெஷினை நம்புனவனுக்கு நான் எப்படிப் பொண்ணு குடுப்பேன்?" விரலைத் தூக்கி அவன் முகத்துக்கு நேரே ஆட்டினார். "இலக்கியா ஒனக்குக் கிடையவே கிடையாது!"

கெட்டிமேளம்! அதுவரை வந்ததிலேயே பெரிய கெட்டிமேளம்.

சமையல்கட்டிலிருந்து அப்போதுதான் புது அட்சதை வந்திருந்தது. ஜனம் ஒரு கை குறையாமல் சிவபிரகாஷ் தலையிலும் இலக்கியா தலையிலும் வீசியது. இலக்கியாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. அவனோ கக்கத்திலிருந்த லேப்டாப்பைத் தடவிப் பார்த்தான். அது சில்லென்று இருந்தது.

அப்போது மாடிப்படியில் கழுத்தில் தவிலோடு ஒருவர் மூச்சு வாங்க இறங்கி வந்தார்.

"அழகுமலை அண்ணே, மெஷினை நம்பாம இந்தத் தம்பி வயரைப் புடுங்கிட்டு எங்க மைக்கைச் சொருகி, கதவைச் சாத்தி, மேடையைக் காட்டுற சத்தமில்லாத டிவியில விரலைப் பாத்ததும் அடிங்கடான்னுட்டீங்க, எவரு எதுக்கு விரலைத் தூக்குறாருன்னு எங்களுக்கு என்னண்ணே தெரியும், இந்தப் புள்ளைங்க கல்யாணத்துக்காச்சும் எங்களைக் கீழ உக்கார வைங்க!"