அடிமரத்து ஆலோசகர்

மரத்தின் உச்சியில் இருப்பது காக்கை. நடுவில் இருப்பது அணில். அடியில் நிற்பவர் அடிமரத்து ஆலோசகர். முதல் இரண்டும் வாயைத் திறந்தால் யாருக்கும் சேதமில்லை.

இந்த இனத்தைத் தேடி நீங்கள் அலைய வேண்டியதில்லை. ஏதாவது ஒரு தெருவில், ஏதாவது ஒரு மரத்தில், ஓர் ஆள் கயிறு கட்டி ஏறினால் போதும். கால் மணி நேரத்துக்குள் தானாக வந்து சேருவார். இடுப்பில் கை, அண்ணாந்த கழுத்து, பாதி திறந்த வாய். அவர் மரம் ஏறியிருக்கிறாரா என்று மட்டும் கேட்காதீர்கள். நீச்சல் போட்டிக்கு நடுவராக இருப்பவர் நனைய வேண்டுமா என்ன?

ஓர் அக்காவும் தம்பியும் ஒரு நாள் காலை ஏழு மணிக்கே வேலைக்கு வந்துவிட்டார்கள். காய்ந்த கிளை ஒன்று ஒரு வீட்டுக் கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. அதை இறக்க வேண்டும். மரம் ஏறி வெட்டுவதுதான் அவர்கள் பிழைப்பு. தம்பி மேலே, அக்கா கீழே. அவன் ஏறுவதில் சூரன் என்று நாலு பேர் சொல்வதில் அவளுக்கு அவ்வளவு பெருமை இல்லை. ஏறுவதற்கு முன் அரை மணி நேரம் மரத்தைச் சுற்றி வந்து, பட்டையைத் தட்டிக் காது கொடுத்து, பொந்து இருக்கிறதா, பூஞ்சை பிடித்திருக்கிறதா, மின்கம்பி எவ்வளவு தள்ளிப் போகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பானே, அதில்தான் பெருமை. அவன் பார்த்ததையெல்லாம் அவள் மறுபடி பார்ப்பாள். ஹெல்மெட் வாரை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பாள். மரத்தைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டுவாள். கழுத்தில் விசில் மாட்டிக்கொள்வாள். நீளமாக ஒரு விசில் கேட்டால், மேலே இருப்பவன் இருந்த இடத்திலேயே மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றுவிட வேண்டும். காரணம் கேட்கக் கூடாது.

பெரிய கயிற்றின் ஒரு முனை அடிமரத்தில் கட்டியிருக்கும். அங்கிருந்து மேலே போய், உறுதியான ஒரு கிளைக் கவையில் ஏறி, மறுபக்கம் இறங்கும். அந்தப் பக்கத்தில் தம்பி. ஆக, மேலே இருப்பவன் உயிர் கீழே உள்ள முடிச்சில் இருக்கிறது. ஒருமுறை சொன்னால் யாருக்கும் புரியும்.

ஆலோசகரைத் தவிர.

அன்றைக்கு வந்தவர் பக்கத்து வீட்டுக்காரர். பார்சல் அலுவலகத்தில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். ரிப்பனுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தார். ரிப்பன் மற்றவர்களுக்கு.

"அஞ்சு நிமிஷ வேலைக்கு எதுக்கும்மா இவ்வளவு ஜோடனை?"

"ஐயா, ரிப்பனுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க. கிளை விழும்," என்றாள் அக்கா.

"விழட்டுமே. நான் பார்க்காத கிளையா? தம்பி, முதல்ல அந்த இடது கிளையை வெட்டு!"

"அதுலதாங்க நான் நிக்கிறேன்!" என்று மேலேயிருந்து பதில் வந்தது.

"அப்ப வலதை வெட்டு. நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தலை."

இந்த இனத்தின் பெருந்தன்மையே இதுதான். ஒரு யோசனை செல்லாது என்றால் கோபிக்காமல் இன்னொன்று தருவார். ரம்பம் பழசு என்றார், பூட்ஸ் கனம் என்றார், காற்று திரும்பியதைக் கவனித்தீர்களா என்றார், தன் மைத்துனர் கயிறே இல்லாமல் இதைவிடப் பெரிய மரங்களில் ஏறி இறங்கியவர் என்றார்.

"இப்ப எப்படி இருக்காருங்க?" என்று அக்கா கேட்டாள்.

"அவனுக்கென்ன? ஊன்றுகோல் வெச்சுக்கிட்டு நல்லாத்தான் நடக்கறான்."

முதல் துண்டு குறித்த இடத்தில் விழுந்து, கொஞ்சம் உருண்டு, வாசல் கேட்டை அடைத்துக்கொண்டது.

"ஏம்மா, மனுஷங்க போக வர வேண்டாமா?" என்றார் ஆலோசகர்.

அக்கா மேலே பார்த்தாள். தம்பி ஒரு கிளையில் ஊன்றி நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அவள் போய்த் துண்டை இழுத்து ஓரமாகப் போட்டாள். பத்தடி தூரம்தான். திரும்பினாள்.

ஆலோசகர் அடிமரத்தில் குந்தியிருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நாக்கைக் கடித்துக்கொண்டு, முடிச்சைப் பாதி அவிழ்த்திருந்தார். மேலே தம்பி, அடுத்த கிளைக்கு மாறுவதற்காக, தன்னை மரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்த குட்டைக் கயிற்றைக் கழற்றிவிட்டு, பெரிய கயிற்றில் பாரத்தைப் போட்டுச் சாயப் போகிறான்.

கத்தினால் குனிந்து பார்ப்பான், பாரம் கயிற்றில் விழும். அக்கா விசிலை ஊதினாள். நீளமாக.

தம்பி நடுமரத்தைக் கட்டிக்கொண்டான். காரணம் கேட்கவில்லை.

ஓடிப்போய்க் கயிற்றைப் பிடுங்கினாள்.

"என்னம்மா, பாதி வேலை முடிச்சுட்டேன், அதுக்குள்ள பிடுங்கறே?"

"என் தம்பி இதுலதான் தொங்கறான்!"

"அதனாலதானே பிரிச்சேன்! ஆள் தொங்கற கயித்துக்கு ஒத்தை முடிச்சு போதுமா? எங்க ஆபீஸ் முடிச்சா ரெண்டு போட்டுத் தரலாம்னு பார்த்தேன்."

முப்பது வருஷத்தில் அவர் கட்டிய பார்சல் ஒன்றுகூட அவிழ்ந்ததில்லையாம். இருக்கலாம். அவர் கட்டும்போது எந்தப் பார்சலும் மரத்தின் மேல் நின்றதில்லை.

அக்கா கயிற்றை அடிமரத்தில் சுற்றினாள். முடிச்சைப் போட்டாள், முழு பலத்தோடு இழுத்தாள், திருப்தியில்லாமல் அவிழ்த்து மறுபடி போட்டாள்.

"அக்கா! கயித்துல யாரு கை வெச்சது?"

அவள் வாயைத் திறப்பதற்குள் ஆலோசகர் குரல் கொடுத்தார்: "பயப்படாதே தம்பி! நான் பக்கத்துலயேதான் இருக்கேன்!"

இப்படிப்பட்டவரை என்ன செய்வது? திட்டினால் போகமாட்டார், உட்கார்ந்து விளக்குவார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, குரலில் மரியாதையைக் கூட்டினாள்.

"ஐயா, எதிர்ப்பக்கம் நின்னாதான் மொத்த மரமும் தெரியும். உங்களை மாதிரி அனுபவசாலி ஒருத்தர் அங்க நின்னா எங்களுக்குத் தைரியமா இருக்கும்."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

போய் நின்றார். கூரையில் ஓர் ஓடுகூட நகராமல் கடைசித் துண்டு இறங்கும்வரை, யாருக்கும் எதுவும் கேட்காத தூரத்திலிருந்து, இரண்டு கைகளையும் வீசி வேலையை நடத்திக் கொடுத்தார். தம்பி தரையில் கால் வைத்தபோது அவனைவிட அவருக்குத்தான் அதிகம் வியர்த்திருந்தது. சாயங்காலம் தெரு முழுக்க ஒரே செய்தி: "முடிச்சு லூசா இருந்துச்சு. நல்லவேளை, நான் பார்த்தேன்."

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லைதான். இருந்தாலும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அக்கா பத்தடி நகர்ந்தாளே, அந்த வரியில், "கயிற்றை விட்டுவிட்டு அவள் போனது தப்பு, என்ன செய்திருக்க வேண்டும் என்றால்..." என்று உங்களுக்குள் ஏதாவது எழும்பியதா? எழும்பியிருந்தால் அடக்க வேண்டாம், தாராளமாகச் சொல்லுங்கள். கொஞ்சம் அந்த எதிர்ப்பக்கம் போய் நின்று சொல்லுங்கள். உங்களைப் போன்றவர்களுக்கு அங்கிருந்துதான் மொத்த மரமும் தெரியும்.