ஆறு நாடுகளும் ஒரு நாயும்

மனித குலம் இதுவரை கண்ட ஒற்றுமைகளிலேயே உன்னதமானது எது என்று கேட்டால், போதைப்பொருளை ஒழிக்க ஆறு நாடுகள் சேர்ந்து துறைமுகத்தில் நடத்தும் ‘கூட்டுச் சோதனை மைய’த்தைத்தான் கைகாட்ட வேண்டும். அங்கே மோப்ப நாய் ஒரு நாட்டின் அன்பளிப்பு. பூட்டு வெட்டும் இயந்திரம் இன்னொரு நாட்டுடையது. ஏ.சி.யும் சுழல் நாற்காலிகளும் மற்றவர்கள் மனமுவந்து தந்தவை. சந்தேகம் மட்டும் பொதுச்சொத்து. ஆறு பேரும் சேர்ந்து சந்தேகப்பட்டால்தான் ஒரு பெட்டியைத் திறக்கலாம்.

அன்று டைல்ஸ் ஏற்றி வந்த கண்டெய்னர் ஒன்றின் முன்னால் நாய் போய் உட்கார்ந்தது. போதைச் சரக்கின் வாசனை வந்தால் உட்கார வேண்டும் என்றுதான் அதைப் பழக்கியிருந்தார்கள். சுங்க ஆய்வாளரம்மா பெட்டியின் முகவரிச் சீட்டைப் பார்த்தாள். பெட்டி போய் இறங்க வேண்டிய கிடங்கு அவள் வீட்டுத் தெருமுனையில் இருந்தது. போதைப் பழக்கத்தால் எலும்பும் தோலுமாய் மறுவாழ்வு மையத்துக்குப் போன அவள் தம்பி, ஒருவழியாகத் தேறி அன்றைக்குத்தான் வீடு திரும்புகிறான்.

ஓட்டமும் நடையுமாகப் போய் ஆறு நாட்டுப் பிரதிநிதிகளின் கமிட்டியைக் கூட்டினாள்.

“நாய் உட்கார்ந்துடுச்சுங்க. திறந்துடலாம்.”

தலைவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். “பதறாதீங்கம்மா. என்ன நோக்கத்தோட உட்கார்ந்துச்சு?”

நாய் கொடுத்த நாட்டுக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “எங்க நாயோட நேர்மையைச் சந்தேகப்படுறீங்களா?”

“சேச்சே! வெயில்ல களைச்சுப் போயிருக்கும்,” என்றார் டைல்ஸ் அனுப்பிய நாட்டுக்காரர்.

“நிழல்லதான் சார் உட்கார்ந்திருக்கு,” என்றாள் ஆய்வாளர்.

“பார்த்தீங்களா? நிழலைத் தேடிப் போயிருக்கு!”

கடைசியில், ஆறு பேர் கண்ணெதிரே நாய் இன்னொரு தடவை உட்கார வேண்டும் என்று ஏகமனதாக முடிவானது. எல்லோரும் பெட்டி நின்ற யார்டுக்குப் போனார்கள். நாயோ உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை. “எழுந்தால்தானே மறுபடி உட்கார முடியும்?” என்று சட்ட ஆலோசகர் நுட்பமான கேள்வி ஒன்றை எழுப்பினார். அதை விவாதிக்க ஏ.சி. அறைக்குத் திரும்பினார்கள். விவாதம் மிகத் தரமாக இருந்தது.

வணிகத்துக்கு இடைஞ்சல் கூடாது என்பதும் ஒப்பந்தத்தில் உண்டு. சாயங்காலம் பெட்டியை லாரியில் ஏற்றினார்கள். லாரி நகர்ந்ததும் நாய் வாரைப் பிய்த்துக்கொண்டு குரைத்தபடி பின்னால் ஓடியது.

தலைவர் ஜன்னல் வழியே பார்த்துப் பூரித்துப் போனார். “இப்ப உட்காரலையே, ஓடுதே! அப்போ சந்தேகம் தீர்ந்துச்சு.”

ஆறு நாடுகளும் கை தட்டின. ‘போதைப்பொருள் எதுவும் பிடிபடவில்லை’ என்ற மாபெரும் வெற்றி பத்திரிகைகளுக்கு அறிவிக்கப்பட்டது. படத்துக்கு நிற்கும்போது ஆய்வாளரின் போன் அடித்தது. அம்மா.

“தம்பியைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன்டி. முகமே தெளிஞ்சிருச்சு. நீயும் சீக்கிரம் வந்துடு.”

“அவனை வீட்டுக்குக் கூட்டிட்டு வராதம்மா. திரும்பக் கொண்டுபோய் அங்கேயே விட்டுடு.”

“என்னடி பேசுற? ஏன்?”

“நம்ம தெருவுக்குச் சரக்கு வருதும்மா. வழக்கமா திருட்டுத்தனமா வரும். இந்தத் தடவை ஆறு நாடும் சேர்ந்து நின்னு, கை தட்டி அனுப்பி வச்சிருக்கோம்.”