ட்ரே உள்ள இருக்கா?

பெண் பார்க்கப் போகிறவன் வாயை வீட்டில் வைத்துவிட்டுப் போவது நல்லது. நான் வாயோடு புதுப் போனையும் கொண்டுபோனேன்.

பெரகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பெண் பெயர் மெர்சி. அவள் வீட்டில் எல்லோரும் என்னைப் பார்க்க, நான் போனைக் காட்டினேன். கண்ணாடி முதுகு, வளைந்த ஓரம், வெற்றிலை மாதிரி மெலிசு. (ஈரச் சவர்க்காரம் மாதிரி வழுக்கும். அதைச் சொல்லவில்லை.)

அந்த லயத்து வரிசை வீடுகளில் என் சிம்முக்கு சிக்னல் இல்லை. பதுளையிலிருக்கும் என் அம்மாவுடன் பேச மெர்சியின் அப்பாவிடம் அவர் சிம்மைக் கேட்டுவிட்டு, என் போனின் சிம் ட்ரேயை வெளியே உருவி பிஸ்கட் தட்டோரம் வைத்தேன். அவர் சிம்மை எடுக்கத் தன் போனைக் கழற்றிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

மெர்சி கொழுந்து எடுப்பவள். அவள் போன் தடியாக, மூலைக்கு மூலை ரப்பரோடு, சார்ஜ் குத்தும் ஓட்டைக்கு மூடியோடு கிடந்தது.

"என்னங்க இது, செங்கல்லா?"

"மழையில இடுப்புல கட்டுற படங்குச் சாக்குல கிடக்கிறதுங்க. ஒங்களோடது தாங்குமா?"

"தண்ணிக்குள்ளயே படம் புடிக்கும்!"

"அப்ப வாங்க, பாப்போம்."

மலைத்தண்ணீர் விழும் பீலியடியில் ஒரு வாளி நிறையத் தண்ணீர். அவள் மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத் தன் போனை உள்ளே போட்டாள். நான் என்னுடையதை ஞானஸ்நானம் கொடுப்பதுபோல் முழுக்கினேன்.

செங்கல் அடியில் உட்கார்ந்து ஜம்மென்று வெளிச்சம் காட்டியது. என்னுடையது நாலு குமிழி விட்டது. பச்சையானது, ஊதாவானது, கறுப்பாகி அப்படியே நின்றது.

அவள் அப்பா ஓடிவந்தார். "தம்பி, சிம் ரெடி. இந்த ட்ரேயிலதான போடணும்?"

தண்ணீரைத் தடுக்கிற மெல்லிய ரப்பர் வளையம் அவர் விரலிடுக்கிலிருந்த ட்ரேயில்தான் இருந்தது. என் கல்யாணமும் வாளிக்குள் போய்விட்டது என்றே நினைத்தேன்.

அந்நேரம் வாளிக்குள்ளிருந்து செங்கல் அடித்தது! மெர்சி எடுத்து, முந்தானையில் துடைத்து, காதில் வைத்தாள். சித்தியாம். மாப்பிள்ளை எப்படி என்று கேட்டிருக்கிறார்.

"போன் தாங்கல சித்தி. ஆளு தாங்குறாரான்னு பாக்குறேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாளியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவள் ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள்.

"தாங்குறாரு சித்தி."

இப்போது என்னிடமும் ஒரு செங்கல்தான். மூடியிருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்கே தெரிகிற அந்த வடிவத்தை யோசித்த மனுசனுக்கு ஒரு கும்பிடு.

ஆனால் எந்த விசேஷ வீட்டிலும் நான் பெருமையாக எதையாவது ஆரம்பித்தால் போதும், மூலையிலிருந்து மாமனார் குரல் வரும்:

"மாப்ளே, ட்ரே உள்ள இருக்கா?"