கையெழுத்துப் போட்ட மூங்கில்

ஆஸ்டின் டவுன், பெங்களூரு
திங்கட்கிழமை

மரியாதைக்குரிய மச்சான் சவரிமுத்து அவர்களுக்கு, பால்ராஜ் வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே எல்லோரும் சுகம். உங்கள் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசினால் உங்கள் தங்கை பக்கத்தில் நின்று கேட்பாள் என்பதால் கடிதம்.

விஷயமே ஹெலன்தான். பீன்யாவில் எங்கள் ஷெட்டில், விமான நிலையத்தின் புதுக் கட்டடத்துக்குக் கூரையடியில் பதிக்க மூங்கில் பதம் பண்ணுகிறோம். அலுமினியம் வேண்டாம், பூமிக்குக் கேடில்லாத பொருள்தான் வேண்டும் என்பது அங்கே கண்டிப்பு. ஆர்க்கிடெக்ட் அனுஷா மேடம் ஒரு கழியைத் தேர்ந்து, இதுதான் சரியான நிறம் என்று அதிலேயே கையெழுத்துப் போட்டார்கள். வரப்போகிற பத்தாயிரம் கழியையும் அதோடு ஒப்பிட்டுத்தான் எடுப்பார்கள். ஷெட்டில் வைத்தால் எவனாவது அதன்மேல் டீ கிளாஸ் வைப்பான் என்று பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து மொட்டை மாடியில் சாத்திவைத்தேன், மூன்று மாதம் ஓடிவிட்டது, நாளை ஒப்பிடும் நாளாயிற்றே என்று இன்று எடுக்கப் போனால், கழி இரண்டு சுவருக்கு நடுவே படுத்திருக்கிறது, அதன்மேல் ஹெலனின் ஈரச் சேலை நான்கு, என் லுங்கி ஒன்று, பொன்னிறமாக இருந்தது சாம்பல் பூத்துக் கிடக்கிறது, கையெழுத்து இருந்த இடத்தில் துணிக் கிளிப்.

கேட்டால், "நீங்கதானே தினமும் லெக்சர் அடிச்சீங்க, இரும்பு வேணாம், மூங்கில்தான் பூமிக்கு நல்லதுன்னு. அதான் கம்பிக்கொடிய கழட்டி பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டேன்" என்கிறாள். மச்சான், இந்த வேலை போனால் ஐம்பத்திரண்டு வயதில் என்னை யார் சேர்த்துக்கொள்வார்கள்? ஆகவே ஞாயிற்றுக்கிழமை கே.ஜி.எஃப்.பிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வந்து, உங்கள் தங்கையை ஒரு மாதம் கூட்டிக்கொண்டு போகவும்.

சம்பூர்ணம் அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம்.

தங்கள் அன்புள்ள,
பால்ராஜ்

பி.கு.: இன்று செவ்வாய். மேடம் கழியைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். "என்ன பாலிஷ் போட்டீங்க?" என்றார்கள். "வெயிலும் தண்ணியும்தான் மேடம்" என்றேன். பொய்யில்லையே. "கெமிக்கலே இல்லையா? அப்ப எனக்கு இந்தக் கலர்தான் வேணும், எல்லாத்தயும் இப்படியே பண்ணிக் குடுங்க" என்று புதிதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஹெலனிடம் விவரம் கேட்க வீட்டுக்கு ஓடிவந்தேன். அதற்குள் மேசையில் இருந்த இந்தக் கடிதத்தை அவள் படித்துவிட்டு, பெட்டி கட்டி வாசலில் வைத்திருக்கிறாள். எந்த சோப்பு, எத்தனை நாள் வெயில் என்று கேட்டால், "எங்க அண்ணன் வீட்டுலருந்து லெட்டர் போட்டுச் சொல்றேன்" என்கிறாள். மச்சான், நீங்கள் வரவேண்டாம். அவளே வந்து நின்றால், வீட்டில் இடமில்லை என்று சொல்லி அடுத்த ரயிலிலேயே ஏற்றிவிடவும்.