துவக்கு மோட்டார் சைக்கிளில், லைசென்ஸ் பஸ்ஸில்

மன்னாரில் என் வயதுக்காரர்களில் துவக்கு என்ற துப்பாக்கியைப் பார்க்காதவர் ஒருவரும் இல்லை. விதம் விதமாகப் பார்த்திருக்கிறோம். சில வேளைகளில் தேவைக்கு அதிகமாகவே அருகில் வைத்துப் பார்த்திருக்கிறோம். ஆனால் லைசென்ஸ் உள்ள துவக்கைப் பார்த்தவர்கள் குறைவு. அதை முதுகில் மாட்டிக்கொண்டு பட்டப்பகலில் பிரதான வீதியில் போனவர்கள் இன்னும் குறைவு. எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். இளமைத் துடுக்கு என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது. தலைமயிர் காட்டிய முதிர்ச்சியை அதற்குக் கீழே இருந்தது காட்டவில்லை, அவ்வளவுதான்.

துவக்கு என் மாமாவுடையது. மாமா என்றால் மனைவி றெஜினாவின் தகப்பன், சவிரிமுத்து. முருங்கன் பக்கம் நாலு ஏக்கர் வயல் வைத்திருக்கிறார். அந்த வயலில் அவருக்கு இருக்கும் உரிமை தங்களுக்கும் இருக்கிறது என்று காட்டுப் பன்றிகள் நெடுங்காலமாக வாதாடி வந்தன. அந்த வழக்கில் மாமாவுக்கு இருந்த ஒரே வக்கீல் அந்த ஒற்றைக்குழல் துவக்கு.

சண்டைக் காலத்தில் அவரிடம் இன்னொரு துவக்கு இருந்து போய்விட்டது. யார் கொண்டுபோனார்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

“கேட்டவங்கள். குடுத்தனான்.”

“பற்றுச்சீட்டுத் துண்டு ஒண்டும் தரேல்லையோ மாமா?”

“துவக்கோட வந்து துவக்குக் கேட்கிறவனிட்ட ஆரும் துண்டு கேட்கிறதோ தம்பி?”

சண்டை முடிந்தபின் நாலு வருஷம் மனு எழுதி எழுதித்தான் இந்தத் துவக்கை வாங்கினார். ஆண்டு முடிவதற்குள் லைசென்ஸ்காரர் துவக்கோடு பட்டினத்துக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, வந்து புதுப்பிக்க வேண்டும். அந்த வருஷம் மாமா ஒரு மாதம் காய்ச்சலில் கிடந்ததால், விஷயம் கடைசி வேலை நாளுக்கு வந்து நின்றது. பிற்பகல் மூன்று மணிக்கு அந்தக் கந்தோரில் லைசென்ஸ் மேசை மூடப்படும். மூடினால் துவக்கு பொலிசுக்குப் போகும். திரும்பி வர இன்னொரு நாலு வருஷம் என்று மாமா நினைத்தார். அவருக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. பயிர் முழங்காலுக்கு வந்திருந்தது.

இந்த இடத்தில்தான் நான் உதவிக்கு வருகிறேன்.

நான் ஒரு பள்ளிக்கூட நூலகர். எங்கள் நூலகத்தில் ஒரு பழைய சட்டப் புத்தகம் இருந்தது. அதை எடுத்துப் படித்த முதல் ஆள் நான்தான் என்று அதன் பின்னட்டைத் தாள் சாட்சி சொன்னது. இரண்டு வாரம் துவக்குச் சட்டம் படித்தேன். (படித்ததைச் சாப்பாட்டு மேசையில் ஒப்புவித்தும் வந்தேன். றெஜினா அந்த இரண்டு வாரமும் குசினிக்குள் நின்றே சாப்பிட்டாள்.)

ஊரில் துவக்கு வைத்திருக்கும் இரண்டொருவர் அதைப் பாயில் சுற்றி, உரப்பையில் போட்டு, கயிற்றால் கட்டித்தான் கச்சேரிக்குக் கொண்டுபோவார்கள். மாமாவும் அப்படித்தான். அந்தக் காலை அவர் முருங்கன் வீட்டில் பாயை விரித்தபோது நான் தடுத்தேன்.

“களவெடுத்த சாமானோ மாமா, சுத்திக் கட்ட? மறைச்சாத்தான் சந்தேகம். அரசாங்கம் எழுதித் தந்த உரிமை இது. பகிரங்கமாக் கொண்டுபோவம்.”

மாமா பாயைச் சுருட்டி வைத்தார். தோட்டாக்களை அலுமாரியில் பூட்டினார்.

அவர் என் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து துவக்கைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் முந்திய வருஷம் நான் அவரை அதே மோட்டார் சைக்கிளோடு வாய்க்காலுக்குள் இறக்கியிருந்தேன். (பாதை வளைந்தது. நான் வளையவில்லை.) அந்த ஆவணி மடுத் திருவிழாவில் மாமா மாதாவுக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி, இனி மருமகனின் வாகனத்தில் ஏறுவதில்லை என்று நேர்ந்துகொண்டு வந்துவிட்டார். ஆகவே பஸ்.

மத்தியானம் தாண்டித்தான் பஸ் வந்தது. கொண்டக்டர் துவக்கைப் பார்த்தார்.

“ஐயா ஏறுங்கோ. அது ஏறாது.”

அடுத்த பஸ்ஸுக்கு நின்றால் மூன்று மணி தாண்டிவிடும். “நீங்கள் போங்கோ மாமா, துவக்கை நான் கொண்டுவாறன்” என்றேன். மாமா ஏறினார். அவருடைய சேர்ட் பொக்கெற்றில் மாதா படத்துக்கும் அடையாள அட்டைக்கும் நடுவில் லைசென்ஸும் ஏறியது. இரண்டு வாரம் சட்டம் படித்த நான் பஸ்ஸுக்குக் கை காட்டி வழியனுப்பி வைத்தேன்.

அந்தப் பயணத்தை நான் இன்றும் மறுதலிக்க மாட்டேன். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. ஒரு தேத்தண்ணிக் கடையில் நான் கடக்கும் வரை பேச்சு நின்றது. சைக்கிளில் வந்த ஒரு பெண் இறங்கி, சைக்கிளையும் இறக்கி, வயல் வரம்பில் நின்றார். ஒரு பெரியவர் பழக்கதோஷத்தில் அடையாள அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் நிற்காமல் தலையசைத்துவிட்டுப் போனேன். (அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.) உயிலங்குளத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு நின்ற மாமாவின் பஸ்ஸையும் முந்தினேன்.

பட்டினம் இருக்கும் தீவுக்குப் போகும் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சோதனைச் சாவடி. இறக்குமதித் தடையால் மஞ்சள் கடத்தல் மும்முரமாக இருந்த காலம். மஞ்சள் தேடி நின்ற சார்ஜன்ட்டுக்கு முன்னால் நான் போய் நின்றேன். பக்கத்தில் நின்ற கொன்ஸ்டபிள் இரண்டு எட்டுப் பின்னால் போனார். சார்ஜன்ட் அசையவில்லை.

“இது என்ன?”

“துவக்கு. தோட்டா இல்லை. லைசென்ஸ் இருக்கு.”

“எங்க?”

“பஸ்ஸில.”

அவர் விரலை மடக்கி எண்ணினார். “துவக்கு மோட்டார் சைக்கிள்ல. லைசென்ஸ் பஸ்ல.”

“ஓம்.”

அவர் வாயால் கேட்ட பிறகுதான் அது எப்படி ஒலிக்கிறது என்று எனக்கு விளங்கியது. ஆனாலும் விடவில்லை. மறைத்துக் கொண்டுவரவில்லை, சட்டத்தை மதித்துத்தான் திறந்து கொண்டுவந்தேன் என்று ஒரு சிறிய பிரசங்கம் வைத்தேன். சிங்களவரான சார்ஜன்ட் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“மாத்தயா நல்லாப் பேசுறீங்க. லைசென்ஸ் உங்க பேர்லயா?”

லைசென்ஸ் தன் பெயரில் இல்லாதவர் துவக்கைக் கொண்டுபோகக் கூடாது என்ற பக்கத்தையும் நான் படித்திருந்தேன். அடிக்கோடுகூடப் போட்டிருந்தேன். துவக்கை வேறொருவர் கையில் கொடுத்த லைசென்ஸ்காரரும் குற்றவாளி என்ற வரி அதற்கு அடுத்ததாகவே இருந்தது. அது இப்போது வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. அதே நேரம் பஸ்ஸும் வந்தது.

மாமா இறங்கி வந்தார். சார்ஜன்ட் லைசென்ஸை வாங்கி, இலக்கத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

“ஐயா, இவருக்குத் துவக்கு நீங்க குடுத்ததா?”

ஓம் என்றால் லைசென்ஸ் போய்விடும். இல்லை என்றால் நான் துவக்குக் கள்ளன். நாலு வருஷத்து மனுக்கள் ஒரு பக்கம், மருமகன் ஒரு பக்கம். மாமா என்னைப் பார்த்த பார்வையில், அவர் உண்மையாகவே எடை போடுகிறார் என்று தெரிந்தது.

“நான் குடுக்கேல்ல,” என்றார். “அவர் களவெடுக்கவும் இல்லை. துவக்கு என்னோடதான் வருது. அது முன்னால வருது, நான் பின்னால வாறன். எத்தினை அடி தள்ளி வரலாமெண்டு சட்டத்தில எழுதியிருந்தாக் காட்டுங்கோ.”

அதை நான் படித்திருக்கவில்லை. சார்ஜன்ட்டும் படித்திருக்கவில்லைப் போலும். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். நேரம் ஒன்றே முக்கால்.

“சரி ஐயா. இனி இவர் இதைத் தொடக் கூடாது. நீங்க எடுங்க. இவரோட மோட்டார் சைக்கிள்ல ஏறிப் போங்க.”

“அது ஏலாது. மடு மாதாவுக்கு நேர்த்தி.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் சார்ஜன்ட்டின் முகம் மாறியது. “மடு மாதாவுக்கா? அப்ப ஏற வேணாம் ஐயா. நானும் வருசா வருசம் போறது.” பஸ்ஸைப் பார்த்தார். கொண்டக்டர் அதற்குள் மணியடித்துவிட்டார். இரண்டு ஓட்டோக்கள் எங்களைக் கண்டதும் வேகம் கூட்டின. “அப்ப நடந்துதான் போகணும். ஐயாவைத் தனியா விடாதீங்க மாத்தயா, நீங்களும் நடங்க. நீங்க முன்னால, துவக்கு பின்னால.”

இப்படித்தான் நாங்கள் பாலத்தில் ஏறினோம். மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நான் முன்னால். நாலடி பின்னால் மாமா. இரு பக்கமும் கடல், மார்கழிக் காற்று, நிழலுக்கு ஒரு தென்னை இல்லை.

“மாமா, துவக்கைத் தோளில போடுங்கோ. வாய் என்ர முதுகைப் பார்க்குது.”

“தோட்டா இல்லைத்தானே.”

“எண்டாலும்.”

“மற்றக் கையில லைசென்ஸ் தம்பி. காத்துக்குப் பறந்திடும். நீர் நடவும்.”

அவர் லைசென்ஸை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்திருந்தார். பாதிப் பாலத்தில், களைத்துவிட்டாரோ என்று திரும்பிக் கேட்டேன். கொஞ்சம் இருந்து போவோமா என்றும் கேட்டேன்.

“இந்தப் பாலத்தில எத்தினை தரம் கையைத் தூக்கிக்கொண்டு நடந்தனான் தெரியுமோ? எல்லாரும் எனக்குப் பின்னால துவக்கோட வந்தவங்கள். இண்டைக்குத்தான் துவக்கு என்ர கையில. அதுவும் லைசென்ஸோட. நான் இருக்க மாட்டன். நீர் நடவும்.”

நான் முதுகை நிமிர்த்தி நடந்தேன்.

எங்களைத் தெரிந்த தாழ்வுபாட்டு ஊர்க்காரர் நிறைந்த ஒரு பஸ் எங்களைக் கடந்தபோது வேகம் குறைத்தது. யன்னல்களில் தலைகள், தலைகளுக்கு மேலே போன்கள். உள்ளே இருந்து ஒரு குரல்: “சவிரியண்ணை, காணும். பாவம், விடுங்கோ.” வெயிலில் நடப்பதைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள் என்று நினைத்து நான் கையசைத்தேன். அந்தக் கையசைப்புத்தான் பிறகு வீடியோவில் கெஞ்சுவது போல விழுந்தது.

பாலம் முடியுமுன் றெஜினாவின் அழைப்பு.

“அப்பா உங்களைத் துவக்குமுனையில பொலிசுக்குக் கொண்டுபோறாராம். மூண்டு பேர் எடுத்துச் சொல்லிப்போட்டினம். நீங்கள் எனக்கு அடிக்கிறனீங்களாம்.”

“நீர் என்ன சொன்னனீர்?”

“இப்பதான் கேள்விப்படுறன் எண்டன்.”

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கக் கச்சேரிக்குள் நுழைந்தோம். எழுதுவினைஞர் துவக்கின் இலக்கத்தை அரை நிமிஷம் பார்த்தார், லைசென்ஸில் முத்திரை குத்தினார். அந்த முத்திரைச் சத்தத்தைக் கேட்டு மாமா மூக்கைச் சீறிக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பி நின்றார். பயிர் தப்பியது. என் பெயர் தப்பவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கீரியில் எங்கள் வீட்டுக்கு நாலு பேர் சமாதானம் பேச வந்தார்கள். குடும்பம் என்றால் என்ன என்று எனக்கு ஒரு மணித்தியாலம் விளக்கினார்கள். நான் சட்டத்தை எடுத்துச் சொன்னேன், பஸ்ஸைச் சொன்னேன், நேர்த்தியைச் சொன்னேன். குற்றவாளிகள் எப்போதும் நீளமாகத்தான் பேசுவார்கள் என்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாமாவிடமும் போய்க் கேட்டிருக்கிறார்கள். அவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. ஊரில் தன் மதிப்பு ஏறியிருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

நான் செய்தது சரி என்று இன்றைக்கும் எந்தச் சபையிலும் சொல்வேன். உரிமையை உரப்பையில் கட்டிக்கொண்டு போக வேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை. கல்யாண வீடுகளில் இதைச் சொல்லத் தொடங்கினால் ஆட்கள் என்னை விட்டுவிட்டு மெதுவாக றெஜினாவிடம் நகர்ந்து, குரலைத் தாழ்த்தி, “இப்ப எப்பிடிப் பிள்ளை, பரவாயில்லையோ?” என்று கேட்கிறார்கள்.

ஒரு வார்த்தையில் என்னைக் காப்பாற்றக்கூடியவள் அவள் ஒருத்திதான். அவள் என்னை ஒருமுறை திரும்பிப் பார்க்கிறாள். பிறகு பெருமூச்சோடு சொல்கிறாள்:

“ஓம், இப்ப திருந்திட்டார்.”